பெங்காசியில் மணி என்ன?

ஜாம்பியாவின் லுசாகாவில் வேலை பார்க்கும் நான், லிபியாவின் பெங்காசியில் நர்ஸாக இருக்கும் என் தங்கை ஜெசிந்தாவின் போனை நான்கு வருடமாக எடுத்ததில்லை. சாயங்காலமானால், “அங்க நடு ராத்திரி ஆயிருக்கும், அதான் திருப்பிக் கூப்பிடல” என்று ஒரு செய்தி அனுப்பிவிடுவேன். “ஆமாண்ணே, தூங்கிட்டேன்” என்று உடனே பதில் வரும்.

நேற்று மதியம் புதுப் போனின் உலகக் கடிகாரத்தில் அவள் ஊரைச் சேர்த்தேன். ஐயாயிரம் கிலோமீட்டர் தூரம். ஆனால் நேரத்தில் ஒரு நிமிடம்கூட வித்தியாசமில்லை. வீடியோவில் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். அவளுக்குப் பின்னால் ஜன்னல் நிறைய வெயில். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், எழுந்துபோய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டு வந்தாள்.

“இங்க ராத்திரிதாண்ணே. நீ சொல்லு” என்றாள்.