பாய்க்குத் தண்ணீர்

சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் காற்று சட்டென்று விழுந்துவிடுகிறது. மூடுபனி பாலத்தைப் பாதி விழுங்கியிருக்க, சிட்னி கிளப்பின் படகும் உள்ளூர் கிளப்பின் படகும் முடிவுக் கோட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் பாய் தொய்ந்து நிற்கின்றன. ஒரு வெள்ளிக் கோப்பைக்கான நூறு வருடப் பகை அசையாமல் மிதக்கிறது. கரையில் கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டது. "பாய்க்குத் தண்ணி அடிங்கடா," என்று ஒரு குரல் கிளம்புகிறது. அது தன் குரல் என்பது கூட்டத்தில் நிற்கும் ஆட்ரியனுக்கு ஒரு நொடி கழித்தே புரிகிறது. அதட்டல் மட்டும் அண்ணனுடையது. சின்ன வயதில், ஊரில் தொண்டிக் கடலில் திருவிழாப் படகுப் போட்டியன்று அண்ணன் சுக்கானைப் பிடித்தபடி கத்தக் கத்த, துணிப்பாயின் இழை இறுகிக் காற்றைப் பிடிக்கட்டுமென்று கடல்நீரை வாரி இறைத்தவன் அவன். இப்போதும் கை தானாக மேலே வீசிவிட்டது. கையிலிருந்த பேப்பர் கப் தண்ணீர் முழுக்க அவன் சட்டைமேலேயே விழுகிறது. "மெதுவாங்க. பட்டப்பகல்ல தண்ணி அடிக்கக் கூப்பிடறீங்கன்னு நினைக்கப் போறாங்க," என்கிறாள் மனைவி ரெபெக்கா, பக்கத்தில் திரும்பிப் பார்க்கும் தமிழ்க் குடும்பத்தை ஓரக்கண்ணால் காட்டி. "டாட், அந்த செயில் பிளாஸ்டிக். அதுல தண்ணி ஊறாது," என்கிறாள் மகள் ஆன்லின். மேற்கே பாலத்துக்கு அடியிலிருந்து, கடல்நீரைக் கறுப்பாக்கிக்கொண்டு, தொண்டியில் கச்சான் என்பார்களே, அந்த மேல்காற்று வருகிறது. படகுகள் சாய்கின்றன, கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. எது முந்துகிறதென்று ஆட்ரியன் பார்க்கவில்லை. அவனுடைய நனைந்த சட்டை காற்றைப் பிடித்துவிட்டது.