நம்பர் போட்ட வீடு

சாலையோரப் புளியமரத்தில் இரண்டு பொந்துகள் இருந்தன. இரண்டும் அணிலுக்குச் சொந்தம். கீழ்ப் பொந்தில் அது குடியிருந்தது. மேல் பொந்தை ஒரு மைனாவுக்கு வாடகைக்கு விட்டிருந்தது. வாடகை, நாளுக்கு ஒரு வேர்க்கடலை.

ஒருநாள் அணில் மேலே ஏறி வந்தது. முகத்தில் புதுப் பெருமை.

"இந்தாம்மா, நாளையிலிருந்து ரெண்டு கடலை."

"அண்ணே, இப்பத்தான் குஞ்சு பொரிச்சிருக்கு. இந்த நேரத்தில ஏத்தினா எப்படி? மழை பெஞ்சா ஒழுகுது, அதைச் சொன்னா காதிலயே வாங்க மாட்டேங்கறீங்க."

"ஒழுகினாலும் இது இப்ப நம்பர் போட்ட வீடு. காலையில ரெண்டு பேர் வந்து, பட்டையைச் செதுக்கி, வெள்ளை பெயிண்ட்டில எழுதிட்டுப் போனாங்க. இஷ்டமில்லேன்னா காலி பண்ணு."

மைனா சண்டையை நிறுத்திவிட்டது.

"என் பழைய வீட்டுக்கும் நம்பர் போட்டாங்க, அண்ணே."

"அப்புறம் ஏன் அதை விட்டுட்டு வந்தே?"

"நான் எங்கே விட்டேன்? கடலை பொறுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தா, மரத்தை அறுத்து லாரியில ஏத்திட்டிருந்தாங்க. குஞ்சுங்க மூணும் ரோட்டில கிடந்துச்சு."

அணில் வாலை உதறியது.

"வாடகையை ஏத்தினா போதும், எல்லாரும் ஒரு சோகக் கதை வச்சிருக்கீங்க. விடிஞ்சதும் ரெண்டு கடலை வந்தாகணும்."

சொல்லிவிட்டு இறங்கிப் போனது. மைனா குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, இறகு முளைக்கிறதா என்று அலகால் தடவிப் பார்த்தது.