அச்சு அசல் அதே குரல்

அந்த மைதானத்தில் ஒரு பலகை உண்டு. ரிமோட்டில் ஓடும் பொம்மை விமானம் விட வருகிறவர் தம் அலைவரிசை எண் எழுதிய கிளிப்பை அதிலிருந்து எடுத்த பிறகுதான் ரிமோட்டை ஆன் செய்ய வேண்டும். கிளிப் இல்லையென்றால் அந்த அலைவரிசையில் வேறு யாரோ விடுகிறார்கள் என்று அர்த்தம்; ஒரே அலைவரிசையில் இரண்டு ரிமோட் பேசினால் விமானம் குழம்பிவிடும். அன்று கிளிப் இல்லை; மைதானத்திலும் வேறு ஆள் இல்லை. எவனோ மறந்துபோய் எடுத்துப் போயிருப்பான் என்று மஞ்சள் விமானத்தின் சொந்தக்காரர் ரிமோட்டை ஆன் செய்துவிட்டார்.

மஞ்சள் விமானம் உயரே ஏறியது.

"இடப்பக்கம் திரும்புடா," என்றது ரிமோட்.

"சரிக்கா," என்றபடி அது வலப்பக்கம் திரும்பியது.

"காது அடைச்சுப் போச்சா உனக்கு?"

"நீதானேக்கா வலப்பக்கம்னே? இப்பக்கூட மேலே வா, மேலே வாங்குறியே. உன் குரல்தான்."

ரிமோட் உற்றுக் கேட்டது. காற்றைத் தவிர ஒன்றுமில்லை.

"அது நானில்லைடா. என்னை நம்பி இறங்கி வா."

"அதுவும் இதையேதான்க்கா சொல்லுது. அது நானில்லை, என்னை நம்புன்னு."

இரண்டு குரலுக்கும் நடுவில் விமானம் வெடவெடத்தது. மூக்கு கவிழ்ந்தது. நேர் கீழே, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் சாலையில் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ரிமோட் வாயை மூடிக்கொண்டது.

உடனே விமானத்தின் மூக்கு நிமிர்ந்தது. "அப்பாடா! இப்பத்தான்க்கா நீ தெளிவாப் பேசுறே," என்றது சந்தோஷமாக. "சரிக்கா... சரிக்கா..."

அந்தச் சத்தம் மரங்களுக்கு அப்பால் தேய்ந்து மறையும்வரை ரிமோட் பேசவே இல்லை.