பொட்டு வைத்த கண்

ஆயுதபூஜைக்கு மறுநாள், படம் பார்க்க டிவியோடு இணைத்திருந்த கம்ப்யூட்டர், ரிமோட் சொன்ன எதையும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் பேட்டரியை உருட்டிப் பார்த்தார். ரிமோட்டை உள்ளங்கையில் ஓங்கித் தட்டினார்.

“இனியும் வேலை செய்யலேன்னா பழைய சாமான் டப்பாதான்” என்றார்.

குறை தன்னிடம்தானோ என்று மறுகியபடியே ரிமோட் நிமிர்ந்து பார்த்தது. கம்ப்யூட்டரின் சிக்னல் வாங்கும் கண்மேல் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன.

“அண்ணே, பொட்டு உங்க கண்ணை மறைக்குது. துடைக்கச் சொல்லி டிவியில ஒரு வரி காட்டுங்களேன்!”

“எனக்குப் பூஜை போட்டாங்க, உனக்குப் போடலைன்னு வயித்தெரிச்சலாடா? உன் குரல்ல தெம்பில்லை. கத்திப் பேசு!” என்றது கம்ப்யூட்டர்.

ரிமோட் கத்தித்தான் பார்த்தது. அன்று மாலையே டப்பாவுக்குப் போனது.

அடுத்த வாரம் பளபளவென்று புது ரிமோட் வந்தது. அதுவும் வாங்க வேண்டிய அடியை வாங்கிக்கொண்டு, பழையதன் மேலேயே வந்து விழுந்தது.

“என்கிட்ட அப்படி என்னண்ணே குறை?” என்று விசும்பியது.

“நெத்தியில பொட்டு இல்லை தம்பி” என்று சொல்லி, பழைய ரிமோட் நகர்ந்து இடம் கொடுத்தது.