ஐந்தாவது கிளாஸ்

கணவனை விட்டு வந்தபின் இமெல்டா தனக்கென்று சேர்த்தவை ஊர்ப்பெயர் பொறித்த குட்டி ஷாட் கிளாஸ்கள் மட்டுமே. வேலைக்காகப் போகும் ஊர்களில் மலிவாகக் கிடைத்தன. நான்கையும் ஜன்னலோரம் வைத்துப் படமெடுத்து, ‘நாளைக்கு ஏற்காடு’ என்று ஸ்டேட்டஸ் போட்டிருந்தாள்.

ஏற்காட்டில் அந்த மாதிரி கிளாஸ் விற்கும் ஒரே கடையில் ஐந்தாவதைக் கையில் எடுத்தபோது கடைக்காரர் அவளை உற்றுப் பார்த்துச் சிரித்தார்.

“உங்க வீட்டுக்காரர் இப்பதாம்மா வந்தாரு. போன்ல உங்க போட்டோவக் காட்டி, ‘இந்த கிளாஸ் வாங்க வருவா, உக்கார வைங்க’ன்னாரு. டீ சொல்லப் போயிருக்காரு.”

அவள் கிளாஸை ஓசையில்லாமல் கீழே வைத்தாள்.

“அண்ணே, பின்பக்கம் வழி இருக்கா?”

அவருடைய சிரிப்பு நின்றது. அவள் முகத்தைப் பார்த்தவர், பின்கதவை மறைத்திருந்த அட்டைப்பெட்டிகளை அவசரமாக நகர்த்தத் தொடங்கினார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.