குழாய்க்குள் கேட்ட குரல்

பரிபூரணம் இரண்டாம் முறையும் ரப்பர் பந்தை அழுத்திவிட்டாள்.

பயமாக இருந்தால் அழுத்தச் சொல்லி, ஸ்கேன் எடுக்கும் இர்ஃபானாதான் அதை அவள் கையில் கொடுத்திருந்தாள். எம்.ஆர்.ஐ. எந்திரத்தின் குழாய்க்குள் தலை போன மறுநிமிடமே மணி அடித்தது.

இர்ஃபானா ஓடிவந்து படுக்கையை வெளியே இழுத்தாள். ஏசி அறையிலும் அந்த அம்மாளின் கழுத்து வேர்த்திருந்தது.

"குழிக்குள்ள எறக்குன மாதிரி இருக்கு தாயி. என்னால ஏலாது."

செட்டியார்பட்டியிலிருந்து ராஜபாளையத்துக்குத் தனியாக பஸ் ஏறி வந்திருந்தாள். தலைக்குள் இருப்பது என்னவென்று தெரிந்தால்தான் மதுரை டாக்டர் ஆபரேஷனைப் பற்றி முடிவு சொல்வார். படம் தெளிவாக விழ, தலை துளிகூட அசையக் கூடாது.

"பாட்டுப் போடட்டுமாம்மா? ஹெட்போன்ல கேட்டுக்கிட்டே படுத்திருக்கலாம்."

"பாட்டு வேணாம். ஆராவது பேசிக்கிட்டு இருந்தாத் தேவல."

இர்ஃபானா யோசித்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வேலைக்கு வரும் பஸ்ஸில் அவள் கேட்பதெல்லாம் பாட்காஸ்ட் என்னும் இணையப் பேச்சுத் தொடர்கள்தான். காளான்களைப் பற்றி ஒன்று, பழைய கணினிகளைப் பற்றி ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, வானத்தைப் பற்றிப் பேசும் 'எட்டாத தூரம்'. பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைக் கேட்கச் சொல்வாள். சரி என்பார்கள். கேட்க மாட்டார்கள். அவள் தம்பி ஆபித், "தூக்கம் வராதவங்களுக்குச் சொல்லுக்கா" என்பான்.

வேறு வழி தெரியாமல் அதையே போட்டாள்.

தடுப்புக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, மைக்கைக் கையருகே வைத்துக்கொண்டு, மணி அடிக்கக் காத்திருந்தாள்.

ஹெட்போனில் ஓர் இளைஞன் பேசத் தொடங்கினான். அவசரமில்லாத குரல். மனிதன் அனுப்பியதிலேயே மிகத் தொலைவுக்குப் போய்விட்ட ஒரு விண்கலத்தின் கதை. கோள்களையெல்லாம் கடந்து, சூரியனே ஒரு நட்சத்திரமாகத் தெரியும் இருட்டுக்குள் அது போய்க்கொண்டே இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் சமிக்ஞைக்கு வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் எரியும் பல்பு அளவுதான் சக்தி. ஒளியின் வேகத்தில் வந்தும், இங்கே சேர ஏறக்குறைய ஒரு நாள் ஆகிவிடும்.

"அப்பவும் நமக்குக் கேக்குது" என்றான் அவன்.

பலமுறை கேட்டதுதான். இர்ஃபானாவுக்கு மறுபடியும் சிலிர்த்தது.

எந்திரம் தடதடவென்று அடித்தது. ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மணி அடிக்கவே இல்லை. கேமராவில் பரிபூரணத்தின் கால்விரல்கள் மட்டும் தெரிந்தன. நடுங்கிக்கொண்டிருந்தவை எப்போது நின்றன என்று இர்ஃபானா கவனிக்கவில்லை.

படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் விழுந்தன. ஒன்றில்கூட மங்கல் இல்லை.

"முடிஞ்சிருச்சும்மா. வெளிய எடுத்துரலாம்" என்றாள் மைக்கில்.

"செத்த நேரம் இருக்கட்டும் தாயி. பேசி முடிக்கட்டும்."

குழியென்று பயந்தவள் கேட்கிறாள். இர்ஃபானாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த ஆள் காத்திருந்தும் விட்டுவிட்டாள். முதல்முறையாக ஒருவர் முழுசாகக் கேட்கிறார்.

முடிந்ததும் உள்ளே போய் ஹெட்போனைக் கழற்றினாள். இரண்டு பக்கப் பஞ்சும் நனைந்திருந்தன. கண்ணீர் காதோரமாக இறங்கியிருந்தது. தலையை அசைக்காமலே அழுதிருக்கிறாள்.

"பயந்துட்டீங்களாம்மா?"

பரிபூரணம் இல்லையென்று கையை ஆட்டினாள். எழுந்து உட்கார்ந்தாள். தலைக்குள் என்ன தெரிந்தது என்று கேட்கவில்லை.

"இதப் பேசுனது ஆருன்னு தெரியுமா, தாயி?"

"தெரியாதும்மா. அவரு பேரே சொல்றதில்ல."

"எம் மகன்."

இர்ஃபானா கையிலிருந்த ஹெட்போனைப் பார்த்தாள்.

"பெங்களூர்ல இருக்கான். போன்ல பேச மாட்டான், மெசேஜ்தான் போடுவான். 'அம்மா'ன்னு கூப்பிடுறதுக்குள்ள அவனுக்கு மூச்சு முட்டிரும்."

ஈரமான ஹெட்போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு எடத்துலகூடத் திக்கலையே, தாயி."