நாலரை மணித் திருத்தம்

மணி நாலரை. அவள் எழுதிய கம்ப்யூட்டர் நிரல் மறுபடியும் திரும்பி வந்திருந்தது. இந்த மாதத்தில் இது பதினோராவது தடவை.

“இன்னிக்கு என்னவாம்?” என்று எட்டிப் பார்த்தாள் பக்கத்து இருக்கைக்காரி.

“ஒரு காலி வரி அதிகமா இருக்காம். எடுத்துட்டு அனுப்பணுமாம்.”

“அடப்பாவமே! முட்டையில ரோமம் தேடறவராச்சே, ஒரு வரி கிடைச்சா விடுவாரா?”

அந்த அலுவலகத்தில் யார் நிரல் எழுதினாலும் மூத்தவர் ஒருவர் படித்துச் சரி சொன்னால்தான் அது லைவுக்கு, அதாவது வாடிக்கையாளர் பயன்பாட்டுக்கு, போகும். அவளுடையதைப் படிப்பவர் ஐம்பது வயதுக்காரர். துருவித் துருவிப் பார்க்கிறவர் என்பதால் எல்லோருமாகச் சேர்ந்து வைத்த பெயர், பூதக்கண்ணாடி.

போன வாரம், நிரலுக்குள் அவள் வைத்திருந்த ஒரு பெயரைச் சுட்டி, “இந்த ‘டெம்ப் டூ’ யாரு? ‘டெம்ப்’புக்குத் தம்பியா?” என்று எழுதித் திருப்பினார்.

தானாக எழுதித் தரும் புதுக் கருவியை வைத்து அவள் ஒன்றை முடித்தபோது, “மெஷின் எழுதினது ஓடும். ஏன் ஓடுதுன்னு உனக்குத் தெரியுமா? கோடிங் கம்ப்யூட்டருக்கு இல்லம்மா. உனக்கு அப்புறம் அதைத் திறக்கிற மனுஷனுக்கு” என்றார்.

சரி என்று ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்து வைத்தாள். நீளமானதையெல்லாம் சின்னச் சின்னதாகப் பிரித்தாள். ராத்திரி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே மனசுக்குள் திருத்தினாள்.

அதற்குக் கிடைத்த பரிசு, காலி வரி!

இத்தனைக்கும் மறுநாள் காலை ஒன்பது மணிக்கெல்லாம், திருத்தியதைப் பார்த்தாரோ இல்லையோ, சரி சொல்லிவிடுவார். சாயந்திரம் ஆனால்தான் அவருக்குள் சனி புகுந்துகொள்ளும்.

பிரசவ விடுப்பு முடிந்து வந்து இரண்டு மாதம். கணவனுக்கு வெளியூரில் பயிற்சி. இந்த வருஷம் வீடு ஓடுவது அவள் வேலையில்தான். மாதக் கடைசியில் மேனேஜர் ஒவ்வொருவரைப் பற்றியும் அறிக்கை எழுதுவார். அதைப் படித்துத்தான் யார் இருப்பது, யார் போவது என்று மேலே முடிவு செய்வார்கள். 

நேராகப் பூதக்கண்ணாடியின் மேஜைக்குப் போனாள்.

“சார், என்னை வெளியே அனுப்பணும்னா நேராவே சொல்லிடுங்க.”

அவர் அவளைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“காலையில பேசலாம்மா. இப்ப வீட்டுக்குக் கிளம்பு.”

கல்லுளிமங்கன்! கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டுக் கிளம்பினாள்.

மறுநாள் பூதக்கண்ணாடி வரவில்லை. பல் பிடுங்கப் போயிருந்தார். அவருக்குப் பதிலாகப் படிக்க உட்கார்ந்தவர், எதற்கும் மறுப்புச் சொல்லத் தெரியாத ‘ஓகே அண்ணன்’.

நாலே முக்காலுக்கு அங்கிருந்தே கத்தினார். “அருமை தங்கச்சி! தண்ணி மாதிரி படிக்க முடியுது. ஓகே!”

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஐந்து நிமிஷம்தான்.

“அஞ்சு மணிக்கு லைவுக்குப் போகுது. எட்டு வரைக்கும் இருந்து பார்த்துக்கோ. எழுதினவங்கதானே இருக்கணும்” என்று ஞாபகப்படுத்திவிட்டு அண்ணன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த அலுவலக விதி அவளுக்குத் தெரியாததில்லை. ஆனால் இந்த இரண்டு மாதத்தில் ஒரு நாள்கூடச் சாயந்திரம் உட்காரும்படி அவளுக்கு நேர்ந்ததில்லை. ஏன் என்று யோசித்ததும் இல்லை.

குழந்தைக் காப்பகம் ஆறரைக்கு மூடிவிடும்.

இருக்க முடியாது என்றால் அது அறிக்கையில் ஏறும். போன வருஷம் அப்படி ஏறிய ஒரு பிள்ளைக்காரி இப்போது இந்த அலுவலகத்தில் இல்லை. மேனேஜர் அறைப் பக்கம் இரண்டு முறை போய் இரண்டு முறையும் திரும்பினாள்.

ஐந்தே முக்காலுக்குக் கதவு திறந்தது. கன்னம் ஒரு பக்கம் பன்னாக வீங்கி, பூதக்கண்ணாடி!

“எந்திரி. நான் உக்கார்றேன்.”

“சார், நீங்க லீவாச்சே…”

“பல்லுதான் போச்சு. கண்ணு இருக்கு. உன் நிரல் லைவுக்குப் போயிடுச்சுன்னு போன்ல தகவல் வந்துது. யாரு பாஸ் பண்ணது? அந்த ஓகேவா?”

தலையாட்டினாள். சட்டென்று ஏதோ உறைத்தது.

“சார்… அப்போ தினமும் நாலரைக்கு…”

“சாயந்திரம் திருப்பி அனுப்பினா காலையிலதானே லைவுக்குப் போகும்? நீ பாட்டுக்குக் கிளம்பலாம். அஞ்சரை ஆனா உன் கால் மேஜைக்கு அடியில ஓட ஆரம்பிச்சிடுது. கூட வேலை செய்யறவனுக்கு அது தெரியாதா?”

“அந்தக் காலி வரி?”

“வேற என்னம்மா செய்ய? அரை மணி நேரம் தேடினேன். உன் கோடிங்ல வேற குறை கிடைக்கல.”

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“மேனேஜர்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமே சார். ஆபீஸே உங்களைத் திட்டுது. நானும்தான் திட்டினேன்.”

“சொன்னா, உன் பேருக்கு நேரா ‘சாயந்திரம் இருக்க மாட்டாங்க’ன்னு எழுதுவாரு. இப்போ என் பேருக்கு நேரா ‘சிடுமூஞ்சி, யாரையும் விட மாட்டேங்கறாரு’ன்னு எழுதறாரு” என்றபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் அவர். “அதுக்கெல்லாம் எனக்கு வேலை போகாதும்மா. நீ ஓடு.”